ஸ்க்ரூ நிபுணர்கள் வாழும் ஊர்

வாட்ச் செயினில் இறுகிப்போன ஸ்க்ரூவை வீட்டிலேயே எப்படிக் கழற்றுவது என்று என்னைக் கேட்காதீர்கள். என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.

மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த வாட்ச். என் கையில் மாட்டினால் முழங்கை வரை உலா போய் வருகிறது. ரெண்டு லிங்க் எடுத்தால் சரியாகிவிடும். பின் வைத்த செயினாக இருந்தால் உள்பக்கம் அம்புக்குறி இருக்கும். அது காட்டும் பக்கம் குத்தித் தள்ளினால் வேலை முடிந்தது. இதுவோ ஸ்க்ரூ. எள்ளளவு தலை, அதில் மயிரிழை மாதிரி ஒரு வெட்டு. கழன்று விழக்கூடாது என்று மரையில் பசை தடவி முறுக்கியிருக்கிறார்கள். கழலவே கூடாதென்றால் ஸ்க்ரூ எதற்கு ஐயா, வெல்டு அடித்துத் தொலைக்க வேண்டியதுதானே?

1984இல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஆலை போட்ட ஓசூர் இது. 2002இல் மொத்தத் தடிமனே 3.5 மில்லிமீட்டரில் ‘எட்ஜ்’ வாட்ச் வந்ததும் அந்தக் கம்பெனியிலிருந்துதான். எங்கள் தெருமுனையில் ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டிய ஒரு பெரியவர் கடை வைத்திருந்தார்; இப்போது அங்கே செல்போன் கவர் தொங்குகிறது. சரி, நாமே பார்ப்போம் என்று வெளிச்சத்துக்காக வாசலில் உட்கார்ந்தேன். அதுதான் வினை.

சிப்காட் பஸ் வந்து ஷிஃப்ட் விட்ட கூட்டத்தை இறக்கியது. நான் அக்கவுன்ட்ஸ்காரன், தெருவில் மற்ற எல்லோரும் டர்னர், ஃபிட்டர், டூல் ரூம். டெஸ்டரும் கையுமாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் விடுவார்களா?

மாடி வீட்டு டூல் ரூம் சார் டெஸ்டரைப் பிடுங்கிக்கொண்டார். “நுனி வெட்டுக்குள்ள ஆடவே கூடாது சார். ஆடினா தலை சிதைஞ்சிடும்.” வீட்டிலிருந்து பொடி டிரைவர் ஒன்றைக் கொண்டுவந்து ஆயில் ஸ்டோனில் தேய்க்க ஆரம்பித்தார். ரெண்டு தேய்ப்பு, கண்ணருகே வைத்து ஒரு பார்வை, மறுபடி ரெண்டு தேய்ப்பு. பாலிடெக்னிக் பையன், “சால்டரிங் அயர்ன் வைங்க அங்கிள், சூட்டுல பசை இளகிடும்” என்றான். வைத்தோம். இளகியது என் கட்டைவிரல்தான். லாரி கம்பெனிக்காரர் சுத்தியல் கேட்டார். என் வீட்டம்மா இல்லையென்று சொல்லிவிட்டாள், புண்ணியவதி. அத்திப்பள்ளியிலிருந்து பெண் வீட்டுக்கு வந்திருந்த கௌடர், படிகாரத் தண்ணீரில் ஊறப்போடச் சொன்னார். பித்தளைக்குள் முறிந்து நிற்கும் இரும்பு ஸ்க்ரூவைப் படிகாரம் கரைத்துவிடும், பித்தளை தப்பிக்கும். பழைய வாட்ச்காரர்கள் செய்வதுதான். ஆனால் இங்கே ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ், செயினும் ஸ்டெயின்லெஸ். யாரைக் கரைத்து யாரைக் காப்பாற்றுவது?

கடைசியாக வந்தவர் குவாலிட்டி டிபார்ட்மென்ட். 2002இலேயே டிவிஎஸ் மோட்டார் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கிய ஊரில் இவர்களுக்குத் தனி மிடுக்கு. ஸ்க்ரூவை அவர் தொடவேயில்லை. “ஏன் கழலலை?” என்றார். பசை என்றேன். “ஏன் பசை?” கழலாமலிருக்க. “ஏன் கழலக்கூடாது?” வாட்ச் விழுந்துவிடும். “ஏன் விழும்?” செயின் லூசு. “ஏன் லூசு?” மைத்துனரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். ஐந்து ‘ஏன்’ முடிந்ததும் மூலகாரணம் கிடைத்துவிட்டதாம். என் பையனின் கணக்கு நோட்டில் மீன் முள் படம் வரைந்து, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு குற்றவாளியை எழுதினார். மனிதன் என்ற முள்ளில் என் பெயர். கருவி என்ற முள்ளிலும் என் டெஸ்டர்.

உண்மையிலேயே எரிச்சல் வருகிறது. பகலெல்லாம் மைக்ரான் கணக்கில் வேலை பார்க்கும் இத்தனை பேர் கூடி, தலை தட்டையாகிப்போன ஒரு ஸ்க்ரூவை என்னிடமே ஒப்படைத்துவிட்டு டீ குடித்துக் கலைந்தார்கள். எங்கள் பாலில், எங்கள் சர்க்கரையில்.

இன்று காலை குவாலிட்டிக்காரர் வாட்ஸாப்பில் ஒரு அட்டவணை அனுப்பியிருக்கிறார். பிரச்சினை: ஸ்க்ரூ. பொறுப்பு: நான். கெடு: வெள்ளிக்கிழமை. கீழே ஒரு வரி: “முடிஞ்சதும் போட்டோ போடுங்க சார், முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.”