பால் தெளிந்தால் நானோ!

கே: மைக்ரோ எமல்ஷன் என்கிறார்களே, புதுச் சரக்கா?

ப: பழைய சரக்கு. கேம்பிரிட்ஜில் ஹோரும் ஷுல்மனும் 1943-லேயே எழுதிவிட்டார்கள். 'மைக்ரோ எமல்ஷன்' என்ற பெயர் 1959-ல்தான் வந்தது. பிள்ளைக்குப் பதினாறு வயதில் பெயர் சூட்டு விழா!

கே: எண்ணெயும் தண்ணீரும் கலந்த சாதா எமல்ஷனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ப: அடித்துச் சேர்த்தது பிரியும், பிடித்துச் சேர்ந்தது பிரியாது. மைக்ரோ எமல்ஷன் இரண்டாவது ரகம்.

கே: அதிலிருந்து நானோ துகள் எப்படி வருகிறது?

ப: தண்ணீர், சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்ற சோப்பு, எண்ணெயாக ஸ்டைரீன். மூன்றையும் கலக்கினால் பால் போல வெளுக்கும். அதில் பென்டனால் என்ற ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெள்ளை, வெள்ளை, இன்னும் வெள்ளை... ஒரு சொட்டில் சட்டென்று தெளியும்!

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதை முதன்முதலாகப் பார்த்தேன். குடுவைக்குப் பின்னால் கிடந்த செய்தித்தாளின் எழுத்து திடீரென்று தெரிந்தது. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். ஸ்டைரீன் எங்கும் ஓடவில்லை. சில நானோமீட்டர் துளிகளாகச் சிறுத்ததால் ஒளியே அதைக் கண்டுகொள்ளவில்லை.

பிறகு நைட்ரஜன் ஊதி, பொட்டாசியம் பெர்சல்ஃபேட் போட்டு, 70 டிகிரியில் வைத்தால் 20 முதல் 30 நானோமீட்டரில் பாலிஸ்டைரீன் மணிகள் கிடைக்கும். லேசான நீலச் சாயல் தெரிந்தால் காரியம் பலித்தது.

கே: நைட்ரஜன் எதற்கு?

ப: ஆக்ஸிஜனை விரட்ட. நமக்கு அது உயிர். வளரும் பாலிமர் சங்கிலிக்கு எமன்.

கே: இதில் சோப்பின் வேலை என்ன?

ப: சோப்பு மூலக்கூறின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். லிட்டருக்குச் சுமார் 2.3 கிராம் வரை டோடெசில் சல்ஃபேட் தனி ஆள். அதைத் தாண்டினால் வாலை உள்ளே மறைத்து உருண்டை கட்டும். பெயர் மிசெல். ஆள் சேர்ந்தால்தான் சங்கம்!

கே: பென்டனால் இல்லாமல் முடியாதா?

ப: முடியும். ஏஓடி என்ற சர்ஃபாக்டன்ட், அதாவது சோப்பு வகை, இருக்கிறது. இரட்டை வால். எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகளை அடைகாக்கும். ஸ்ட்ராஸ்பூர்கில் ஃபிரான்சுவாஸ் காண்டோ குழு 1980-களில் அந்தத் துளிகளுக்குள்ளே அக்ரிலமைடைப் பாலிமராக்கியது. இதே ஏஓடி மருந்துக் கடையில் 'டாகுசேட்' என்ற பெயரில் மலச்சிக்கலுக்கும் கிடைக்கிறது. எங்கே போனாலும் இளக்குவதுதான் அதன் தொழில்.

கே: ஒரு துளிக்கு ஒரு துகள் என்று கணக்கு வைக்கலாமா?

ப: கூடாது. பெர்சல்ஃபேட் தந்த ரேடிகல் நுழைந்த துளிக்குத்தான் யோகம். மற்றவை தம் ஸ்டைரீனை அதற்கு அனுப்பிவிட்டு வெறும் மிசெலாக மெலியும். ஊர்ச் சோற்றில் ஒருவன் கொழுப்பது என்றால் இதுதான்.

கே: அப்படியானால் தொழிற்சாலைகள் ஏன் எல்லாவற்றையும் இப்படிச் செய்வதில்லை?

ப: சாதா எமல்ஷன் பாலிமருக்கு, மோனோமர் (ஸ்டைரீன் போன்ற மூலப்பொருள்) எடையில் சில சதவீதம் சோப்பு போதும். இங்கே மோனோமர் எடைக்கு எடை, சில சமயம் அதற்கும் மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கே: செய்து முடித்த பின் சோப்பைக் கழுவிவிடலாமே?

ப: சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முழுக்க உரித்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரியும். பாதியில் விட்டாலும் ஆபத்து: டோடெசில் சல்ஃபேட் செல்லின் சவ்வையே கரைக்கும். மருந்து சுமக்கும் துகள் என்று கட்டுரை எழுதுபவர்கள், மீந்த சோப்பு எவ்வளவு என்பதை முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். உடம்பு பாத்திரமல்ல!

கே: பூந்திக்கொட்டையில் செய்ய முடியுமா?

ப: அதிலுள்ள சாபோனினும் சர்ஃபாக்டன்ட்தான். ஆனால் பல சரக்குக் கலவை. அச்சு வார்த்தது போல ஒரே அளவு வேண்டுமென்றால் கஷ்டம். பட்டுப்புடவைக்கு ஜோர்.

கே: பாத்திரம் தேய்த்துக்கொண்டே விஞ்ஞானம் வளர்க்க முடியுமா?

ப: ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஆக்னஸ் போக்கல்ஸ் வளர்த்தார். பெண் என்பதால் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. வீட்டுச் சமையலறையில் ஒரு தகரத் தொட்டி வைத்து, அழுக்குப் படிந்த நீர்ப்பரப்பின் இழுவிசையை அளந்தார். இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். அவர் அதை 1891-ல் 'நேச்சர்' இதழில் அச்சேற்றினார். கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது 1932-ல், எழுபது வயதில். நீர்ப்பரப்பை இழுத்து அளக்க அவர் பயன்படுத்தியது ஒரு பொத்தான்.