தூக்குவாளி திறத்தலும் துழாவித் தின்னலும்: ஆலங்குளம் வட்டார நாய்களின் புதிர்த்திறன் குறித்த ஓர் ஆய்வு

நாய்க்குச் சோறு வைப்பதில் ஆய்வுக்குரிய பொருள் ஏதும் இருப்பதாகத் தமிழ்ச் சமூகம் இதுவரை கருதியதில்லை. வைத்தால் தின்னும், வைக்க மறந்தால் வாசலில் வந்து உட்காரும். இந்த ஏற்பாட்டில் பெருங்குறை இருப்பதாக மேலைநாட்டார் சென்ற நூற்றாண்டின் கடைசியில் கண்டறிந்தார்கள். தீனியை நேராகக் கொடுக்கக் கூடாதாம். குழியில் போட்டு மூடி கவிழ்த்து, இழுப்பறையில் தள்ளி, சுழலும் தட்டுக்கு அடியில் ஒளித்து, நாயே மூக்காலும் காலாலும் தேடித் தின்னும்படி விட வேண்டுமாம். இதற்கென்றே செய்த பொருட்கள் இன்று சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை விற்கின்றன. கூரியர் வண்டி ஆலங்குளத்துக்கும் வருகிறது. ஆகவே இவ்வாய்வு தவிர்க்க இயலாததாகிவிட்டது.

ஆய்வெல்லை

ஆலங்குளம் என்றதும் வாசகர்கள் தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்துக்குப் பஸ் ஏறிவிட வேண்டாம். இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். ராஜபாளையம் ஒரு பக்கம், வெம்பக்கோட்டை ஒரு பக்கம். தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை இருக்கும் ஊர். சுற்றிலும் கரிசல் காடு. காட்டுக்குள் எட்டத்துக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள். விடியுமுன்பே பட்டாசு ஆலைக்கு ஆளேற்றும் 'பயர் ஆபீஸ்' வண்டி ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். அந்தத் தூக்குவாளியை வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்கும் நாய்களே இவ்வாய்வின் தரவுகள்.

நாயாய்வுக்கு இதைவிடத் தகுதியான வட்டாரம் தமிழ்நாட்டில் இல்லை என்பது இவ்வாய்வாளரின் துணிபு. ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரியில் தபால்தலையே வெளியிட்டது. சிப்பிப்பாறை நாய்க்குப் பெயர் தந்த ஊரும் இதே மாவட்டந்தான். கன்னி நாய் கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கம். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது இந்த மூன்று பெயர்களையும் சொன்னார். எந்த நாய் தூக்குவாளி திறக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே நம் நோக்கம்.

முன்னோர் ஆய்வுகள்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் அடுக்கும்போது விலங்குகளை ஐயறிவில் வைக்கிறார். ஆனால் சில விலங்குகளுக்கு ஆறாம் அறிவும் உண்டு என்று ஒரு கதவைத் திறந்தே விட்டிருக்கிறார். உரையாசிரியர் அந்த வரிசையில் கிளி, குரங்கு, யானை என்று சொல்லிப் பட்டியலை மூடாமல் போனார். நாயைச் சேர்க்க வேண்டுமென்று இதுவரை யாரும் மனுச் செய்யாதது வியப்பே. வெம்பக்கோட்டையில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையலும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தன. ஆக, இந்த மண்ணின் பழைய மனிதர்கள் பொழுதுபோக்குக்குக் குறை வைக்கவில்லை. நாய்க்கான ஆட்டக்காய் எதுவும் அதில் உண்டா என்பதைத் தொல்லியலாருக்கே விட்டுவிடுகிறோம்.

கடல் கடந்தால் முதலில் வருபவர் எட்வர்ட் தார்ன்டைக். 1898-ல் அமெரிக்காவில் பூனைகளையும் நாய்களையும் மரக்கூண்டில் அடைத்து, கயிறோ தாழ்ப்பாளோ இழுபட்டால் கதவு திறக்கும்படி செய்து, வெளியே தீனியை வைத்தார். பிராணிகள் யோசித்துத் திறக்கவில்லை. கண்டபடி பிறாண்டியதில் தற்செயலாகத் திறந்தது, அடுத்தடுத்த முறை பிறாண்டல் குறைந்தது என்பது அவர் முடிவு. தமிழ்நாட்டில் கேஸ் அடுப்பு பற்றவைக்கக் கற்றுக்கொள்ளும் ஆண்களிடமும் இதே வளர்ச்சிப் படிநிலையைக் காணலாம்.

1970-களில் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஃப்ரிட்ஸ் என்ற நாய் கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் பழைய ஃபோக்ஸ்வேகன் வேனைக் கழற்றும்போது எறிந்த ரப்பர் பாகமொன்றை அது கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதிலிருந்து பிறந்ததுதான் நடுவில் ஓட்டையிட்டுத் தீனி அடைக்கும் 'காங்' பொம்மை. பிறகு ஸ்வீடன்காரர் நினா ஒட்டோசன் மரத்தில் குழியும் மூடியும் இழுப்பறையுமாகப் புதிர்ப்பலகைகள் செய்து, எளியது கடியது என்று தரமும் பிரித்தார். சிவகாசி வட்டாரத்தான் என்ற முறையில் இங்கே ஓர் உரிமைக் குரல் எழுப்பியாக வேண்டும். உறைக்குள் தள்ளி, விரலால் நகர்த்தித் திறக்கும் இழுப்பறையைக் குடிசைத் திண்ணைகளில் உட்கார்ந்து கோடிக்கணக்கில் ஒட்டிக் குவித்தவர்கள் நாங்கள். அதன் பெயர் தீப்பெட்டி. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் படித்துவிட்டு வந்தபோது நாயை நினைத்திருந்தால், அந்தப் பெருமை ஸ்வீடனுக்குப் போயிருக்காது.

கருதுகோள்

புதிர்ப்பொருள் எந்த நாய்க்குத் தேவை? இதற்கு விடை காண நாய்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: தெரு நாய், கட்டிப்போட்ட நாய்.

தெரு நாய்க்கு ஒவ்வொரு வேளையும் புதிர்தான். பரோட்டாக் கடைப் பக்கம் ராத்திரி நின்று பாருங்கள். மாஸ்டர் சால்னாப் பாக்கெட்டின் வாயில் நூலை நான்கு சுற்றுச் சுற்றி ஒரு சுண்டு சுண்டுவார். அந்த முடிச்சை எம்.ஏ. படித்தவரும் வீட்டில் பல்லால்தான் கடிக்கிறார். நாய் முடிச்சைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாக்கெட்டைத் தரையில் கிடத்தி, முன்னங்காலால் அமுக்கி, அடி மூலையைக் கடைவாய்ப் பல்லில் கொடுத்து ஓர் இழுப்பு. சால்னா ஓடுவதற்குள் நக்கிவிட்டு, பரோட்டாத் துண்டுக்குப் பிறகு வருகிறது. ஓடுவதை முதலில், கிடப்பதைப் பிறகு: இந்த முன்னுரிமை வரிசையை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

இது வெறும் திண்ணைப் பேச்சல்ல. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெரு நாய்களை வைத்தே பல ஆண்டுகளாக ஆய்ந்துவருகிறது. 2017-ல் தேபோத்தம் பட்டாச்சார்ஜியும் மற்றவர்களும் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: குப்பையில் பழகிய பிளாஸ்டிக் பைக்குள் தீனி வைத்தால் தெரு நாய்கள் நன்றாகவே எடுத்துவிடுகின்றன, பழகாத மூடி போட்ட டப்பாவைக் கொடுத்தால் திணறுகின்றன. தெரிந்த குப்பையில் மேதை, தெரியாத டப்பாவில் மக்கு.

கட்டிப்போட்ட நாயின் கதை வேறு. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் முயலைக் கண்ணால் கண்டு விரட்டும் வேட்டைச் சாதி. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் முயலைக் காப்பாற்றியது, நியாயந்தான். ஆனால் முயலின் மறுவாழ்வைப் பற்றி யோசித்த அரசு, நாயின் வேலையிழப்பைப் பற்றி யோசிக்கவில்லை. விளைவு, நீண்ட காலும் ஒட்டிய வயிறுமாக ஓடப் பிறந்த ஒரு பிராணி காம்பவுண்டுச் சுவருக்குள் சங்கிலியில் கிடந்து, தட்டில் வரும் சோற்றை நிமிஷத்தில் முடித்துவிட்டு, மீதி நாளெல்லாம் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கேதான் நம் கருதுகோள் உருவாகிறது: புதிர்ப்பொருள் என்பது நாய்களுக்கான நூறு நாள் வேலைத் திட்டம். வேலையால் ஊருக்குப் பயன் உண்டா என்று கேட்கக் கூடாது. வேலை செய்துதான் கூலி என்பதில்தான் அதன் கௌரவம்.

கௌரவம் என்று சொன்னதற்கும் ஆதாரமுண்டு. 1963-ல் கிளென் ஜென்சன் என்ற உளவியலார், பக்கத்தில் கிண்ணம் நிறையத் தீனி இருக்கும்போதே எலிகள் நெம்புகோலை அமுக்கி, உழைத்துத் தின்பதைக் காட்டினார். பிறகு பல பிராணிகளிலும் இது தெரிந்தது. பூனை மட்டும் ஒத்துழைக்கவில்லை. 2021-ல் கலிபோர்னியாவில் வீட்டுப் பூனைகளுக்கு ஒரு தட்டும் ஒரு புதிரும் வைத்தார்கள். பெரும்பாலும் தட்டிலேயே தின்றுவிட்டுப் போய்விட்டன. பூனையை அறிந்த எவருக்கும் இதற்கு ஓர் ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

கற்பிக்கும் முறை

கொல்கத்தா முடிவை வைத்துப் பார்த்தால், விலை உயர்ந்த பலகையை முதல் நாளே நாயின் முன் வைப்பது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நீட் வினாத்தாள் கொடுப்பது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். சிவகாசிப் பக்கம் அச்சகங்களில் தினசரி காலண்டர் வெட்டிய காகிதக் கழிவுக்குப் பஞ்சமில்லை. ஓர் அட்டைப்பெட்டியில் அதைக் கொட்டி, வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டைக்காய் அளவு நறுக்கி உள்ளே விசிறுங்கள். ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாவற்றையும் மூக்கால் புரட்டி நாய் ஈரலைக் கண்டுபிடிக்கும். கண்ணை நம்பி வாழ்ந்த சிப்பிப்பாறைக்கு மூக்கும் தன்னிடம் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். அடுத்த கட்டம், அரை மூடி வைத்த டப்பா. பிறகு முழு மூடி. இழுப்பறை கடைசி. ஒவ்வொரு கட்டத்திலும் நாய் ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டும். சலித்துப் போகுமுன் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும். இரண்டு நாய் இருந்தால் இரண்டு மூலை. இல்லாவிட்டால் புதிர் கலைந்து போர் மூளும். அட்டையையும் பிளாஸ்டிக்கையும் விழுங்கிவிடாமல் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். உள்ளே வைத்த தீனியை ராத்திரிச் சோற்றில் கழித்துக்கொள்ளவும்.

தீனித் தேர்வில் வட்டாரப் பற்று கூடாது. சாத்தூர்ச் சேவு காரத்தாலும் பூண்டாலும் தகுதி இழக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா புவிசார் குறியீடு பெற்றதாயினும் நாய் வயிற்றுக்குச் சர்க்கரை அதிகம். கருவாடு மணத்தில் முதலிடம், உப்பிலும் முதலிடம்.

மிகப் பெரிய இடையூறு வேறொன்று. அதைக் களப்பணியில் கேட்ட ஓர் உரையாடல் விளக்கும். பேரன் மூடி போட்ட டப்பாவை நாயின் முன் வைத்திருக்கிறான். நாய் இரண்டு தரம் முகர்ந்துவிட்டு, டப்பாவை விட்டுத் திண்ணையில் இருந்த கிழவியை அண்ணாந்து பார்க்கிறது.

"ஏய்யா, அது என்னைய என்ன பார்வை பாக்குது பாரு. தெறந்து குடுத்தா என்ன?"

"நீங்க பேசாம இருங்க அம்மாச்சி. அதுக்கு மூளை வளரணும்."

"வளந்து கலெக்டராப் போகப்போகுதாக்கும்! சோத்தை ஒளிச்சு வச்சுத் திங்கச் சொல்றது எந்த ஊர்ப் பழக்கம்?"

சொல்லி முடிக்குமுன் டப்பா திறந்தாகிவிட்டது.

இந்த நாய் செய்ததை அறிவியல் ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறது. 2003-ல் ஹங்கேரியின் ஆடாம் மிக்லோஷி குழு, தீனி எட்டாமல் போனதும் நாய் திரும்பி மனிதரைப் பார்க்கிறது, மனிதர் வளர்த்த ஓநாய்கூட அப்படிப் பார்ப்பதில்லை என்று கண்டது. 2015-ல் மோனிக் யூடெல் திறக்கக்கூடிய பெட்டியையே கொடுத்தார். பெரும்பாலான ஓநாய்கள் திறந்துவிட்டன. நாய்கள் பெரும்பாலும் பெட்டியை விட்டு ஆளைப் பார்த்தன. இதை நாயின் தோல்வி என்று எழுதுவதில் இவ்வாய்வாளருக்கு உடன்பாடில்லை. ஓநாய்க்குப் பெட்டி ஒன்றுதான் வழி. நாய்க்கு முன்னால் பெட்டியும் இருக்கிறது, அம்மாச்சியும் இருக்கிறார்; இரண்டில் எது சீக்கிரம் திறக்கும் என்று அது சரியாகவே கணித்திருக்கிறது. ஆகவே புதிர் கற்பிக்க விரும்புவோர் முதலில் அம்மாச்சியைக் கோயிலுக்கு அனுப்பிவைக்க வேண்டும். அவர் வீட்டில் இருக்கும்வரை எந்தப் பயிற்சியும் பலிக்காது.

தீபாவளிக் குறிப்பு

வெடிச்சத்தம் நாய்க்கு ஆகாது. ராஜபாளையம் வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை அதிகம் என்பதால், அவற்றில் சில மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் திண்ணையில் தூங்கக்கூடும். மற்றவை கட்டிலுக்கு அடியில் நடுங்கும். நக்குவதும் மெல்லுவதும் பல நாய்களுக்குப் பதற்றத்தைக் குறைக்கும் என்பதால், அன்றைக்குப் புதிர்ப்பொருள் உண்மையிலேயே உதவும். ஆனால் நேரம் முக்கியம்: பயம் பிடித்துவிட்ட நாய் ஈரலைக்கூட முகராது. முதல் வெடிக்கு முன்பே, ஜன்னல் சாத்திய அறையில், ரொம்ப எளிய புதிராகக் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலையில் தெரு முழுக்கக் காகிதச் சுருள் கிடக்கும். ஈரல் தேடிப் பழகிய நாய் அதிலும் மூக்கை நுழைக்கும். அதில் இருப்பது காலண்டர் தாள் அல்ல; கந்தகமும் அலுமினியத் தூளும் வெடியுப்பும். தெருவைப் பெருக்கி முடிக்கும்வரை நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.