நுனிக்கு நாலு வயது

கோட்டாற்றில் ஒரு பெண்ணுக்கு முடி உடைகிறது என்று தெரிந்தால் போதும், சந்தையிலிருந்து சவேரியார் கோயில் வரை ஆளுக்கொரு எண்ணெய் சொல்வார்கள். ஒருவர் கரிசலாங்கண்ணி என்பார், அடுத்தவர் சின்ன உள்ளி என்பார். ஊருக்குள்ளேயே அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருப்பதால், நீலிபிருங்காதி தைலத்தின் பெயரைத் திக்காமல் சொல்லக்கூடியவர்களும் தெருவுக்கு நாலு பேர் உண்டு. எல்லா வைத்தியமும் மண்டையில்தான். உடைவது என்னவோ இடுப்புக்குப் பக்கத்தில்.

எங்கள் டீச்சர் ஒருவருக்கு அந்தத் தொல்லைதான். கோட்டாற்றில் வீடு, ஆரல்வாய்மொழியில் வேலை, சீப்பைக் கண்டாலே அறுகிற மெல்லிய முடி. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வளரும். 60 சென்டிமீட்டர் கூந்தல் என்றால் அதன் நுனிக்கு நாலு வயது. நாலு வருஷத்து ஷாம்புவையும், சிக்கெடுப்பையும், சவேரியார் திருவிழா நெரிசலையும் பார்த்த நுனி அது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடியில் உயிர் கிடையாது, பிளந்தால் ஒட்டாது. வேர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. வந்த வரவைக் காலி செய்வது வீட்டில் இருப்பவர்கள்.

முதல் குற்றவாளி, டீச்சருடைய ஆச்சியின் துவர்த்து. பேத்தி தலை குளித்து வந்ததும் குனிய வைத்து, துவர்த்தை முறுக்கிப் பிடித்து, கல்லில் துணி அடிப்பதுபோல் சடார் சடாரென்று அடிப்பார். சொட்டு ஈரம் மிஞ்சாது, முடியும்தான். நனைந்த முடி நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், இழுத்தால் நீளும், காய்ந்ததைவிடச் சுலபமாக அறும். துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். "கீழயிருந்து மேல சீவுகதுக்கு இது என்ன தும்பா?" என்று ஆச்சி கேட்டார்.

இரண்டாவது குற்றவாளி காற்று. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் வட்டாரத்தில் சுமார் 1,500 மெகாவாட்டுக்குக் காற்றாலை நட்டிருக்கிறார்கள். கம்பெனிகள் கோடிகளைக் கொட்டிக் காற்றைப் பிடிக்க வந்த கணவாய்க்கு, நம் டீச்சர் ஆடி மாதத்தில் ஜன்னல் சீட்டில், விரித்த தலையோடு போய்க்கொண்டிருந்தார். மின்சாரம் வராததுதான் பாக்கி.

பின்னிப் போட்டால் தீருமே என்றால், ஆச்சியின் பின்னல் புருவத்தையும் சேர்த்து மேலே தூக்கும். முடியை இறுக்கி இழுத்துக் கட்டிக் கட்டி நெற்றியோரம் வழுக்கை விழுவதை 1907-லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள். பனிக்கட்டி தேசத்திலும் ஆச்சிகள் இருந்திருப்பார்கள் போல. தளர்வான பின்னலே போதும்.

ஆனால் ஆச்சி சொல்வதெல்லாம் தப்பில்லை. செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் தாளியின் வழுவழுப்பில் சீப்பு தடையில்லாமல் இறங்கும். தேங்காய் எண்ணெய் விஷயத்தில் ஜெயித்ததும் அவர்தான். 2003-இல் ரேலே, மொஹிலே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிச் சோதித்தார்கள். முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதன் லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே ஊடுருவுகிறது. தலை குளிப்பதற்கு முன் தடவுவது நல்லது. ஆராய்ச்சி நடந்தது பாராசூட் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தில் என்பதையும் டீச்சர் மறைக்காமல் சொன்னார்.

"எண்ண விக்கவன் எண்ண நல்லதுன்னு சொல்லாம, பின்ன புண்ணாக்கையா சொல்லுவான்? ஆனா மக்ளே, உள்ளதத்தானே சொல்லியிருக்கான்" என்றார் ஆச்சி.

கடைசியாகத் தலையணை. பருத்தி உறையில் ராத்திரி முழுக்க உரசுவதைவிட வழுக்கும் சாட்டின் உறை மேல் என்று டீச்சர் எங்கோ படித்தார். கடையில் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி, பழைய சாட்டின் பாவாடை ஒன்றை வெட்டி உறையாகத் தைத்துக்கொண்டார். ஆச்சி கட்டிலருகே வந்து தடவிப் பார்த்தார். "பாவாடையத் தலைமாட்டுல வச்சு உறங்குகவள இந்தத் தெருவுல இப்பந்தான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் தனக்கும் ஒன்று தைக்கச் சொன்னார்.