வேலியோர வெட்சிப் போர்

பிறர் வேலியில் பூத்த வெட்சியைப் பொழுது புலருமுன் பறித்துத் தம் வீட்டுச் சாமி படத்துக்குச் சாத்தும் புண்ணியச் செயல், ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தியிலும் குறைவின்றி நடைபெறுகிறது. சென்ற வெள்ளிக்கிழமை மொட்டையடிக்கப்பட்ட ஒரு வேலியே இவ்வாய்வுக்குத் தூண்டுதல் என்றாலும், அவ்வேலிக்கு உரியவர் யார் என்பது ஆய்வுக்குத் தேவையற்றது. செடியை எவ்வாறு கத்தரித்தால் நன்கு பூக்கும் என்று விளக்குவதே இதன் நோக்கம்.

ஊரார் இட்லிப்பூ என்று அழைக்கும் வெட்சி, காபிச் செடியின் குடும்பமான ரூபியேசியைச் சேர்ந்தது. லின்னேயஸ் 1753இல் இக்சோரா எனப் பெயரிட்ட, 500க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட, என்றும் பசுமை மாறாத பேரினத்தில் அடங்குவது. அதன் உறவான சுளுந்து, பச்சையாக வெட்டினாலும் பந்தமாக எரியும் சிறுமரம். கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வெள்ளையாகப் பூக்கும் அதை எவரும் தொடுவதில்லை, ஏனெனில் அது கைக்கெட்டாத உயரத்தில் பூக்கிறது. அமிர்தியில் 1967இல் தொடங்கப்பட்ட உயிரியல் பூங்காவில் மான்களுக்குக் கம்பிவேலி உண்டு. ஊருக்குள்ளோ வெட்சியே வேலியாதலால், வேலிக்குக் காவல் இல்லை.

வெட்சி சூடிப் பகைவரின் ஆநிரையைக் கவர்வதை வெட்சித் திணை என வகுத்த தொல்காப்பியம், அதற்கு 14 துறைகளைக் கூறுகிறது. அவை வழக்கொழிந்தன என்போர் விடியற்காலையில் தெருவைப் பார்த்ததில்லை. படையியங்கு அரவம் என்பது இப்போது செருப்பு இழுபடும் ஓசை. புறப்படுமுன் நற்சொல் கேட்பதாகிய விரிச்சி, “அவங்க ஊருக்குப் போயிருக்காங்க” என்னும் பக்கத்து வீட்டு வாக்கால் நிறைவேறுகிறது. ஒற்றறிதலாகிய வேய், பால் வாங்கும் சாக்கில் முதல்நாள் மாலையே முடிந்துவிடுகிறது. பகைப்புலத்தைச் சூழ்ந்து தங்கும் புறத்திறை, மதிலோரம் கைபேசியில் பேசுவதாகப் பாவித்து நிற்றலாகும். ஆகோள் என்னும் கவர்தல் மஞ்சப்பைக்குள் நடந்தேற, எதிர்ப்போரை அடக்கும் பூசல்மாற்று, “சாமிக்குத்தானே!” என்ற ஒற்றைச் சொல்லால் முடிகிறது, இதற்கு மறுமொழி சொல்லக்கூடிய வீரன் இன்னும் பிறக்கவில்லை. கவர்ந்தவற்றை வருத்தமுறாமல் கொண்டு செல்லும் நோயின்றுய்த்தலுக்கு இரண்டு கை நீர் தெளித்தல் போதும். பங்கிடுதலாகிய பாதீடு நான்கு வீட்டுப் பூசையறைகளுக்கிடையே நிகழ்கிறது. உண்டாட்டில் கள்ளுக்குப் பதிலாகக் காபி அருந்தப்படுகிறது; வெட்சிக்கு உறவான செடியின் கொட்டை என்பதால் இதில் பொருத்தக் குறையில்லை. இறுதித் துறையாகிய கொடைதான் பொறுக்க முடியாதது: பூவை இழந்தவர் வீட்டுக்கே சர்க்கரைப் பொங்கல் வருகிறது, அதன்மேல் அவருடைய பூவே ஒன்று வைக்கப்பட்டு.

கவர்ந்த நிரையை மீட்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை எனத் தனித் திணையாக்கியது. ஜவ்வாது மலையை அடுத்த செங்கம் பகுதியில், தொறு எனப்பட்ட மாட்டு மந்தையை மீட்கப் பொருது பட்டவர்களுக்குப் பல்லவர் கால நடுகற்கள் நிற்கின்றன. பூவை மீட்கச் சென்று பொங்கலோடு திரும்பியவர்களுக்குக் கல் நடும் மரபு இல்லை.

கத்தரிக்கும் முறையை இனி விளக்க வேண்டியதில்லை. வெட்சி கிளை நுனியில் பூப்பது. கொத்துக்குச் சற்றுக் கீழே ஒடித்தால் பக்கக் கிளைகள் வெடித்து முன்னிலும் அடர்த்தியாகப் பூக்கும். பறிப்பவர்கள் அங்கேதான், மிகச் சரியாக, ஒடிக்கிறார்கள்.