கேளுங்கள், டாக்குரியாவிலிருந்து பதில் வரும்

கே: மகன் கல்லூரியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) ஏர் விங்கில் சேர்கிறான். டாக்குரியா ஏரியில் படகு விடுகிற ஊருக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? (ஓர் அம்மா, டாக்குரியா)

ப: நிறைய இருக்கிறது, அம்மா. இரண்டாம் உலகப்போரில் நம் கல்கத்தாவின் ரெட் ரோடே போர் விமானங்களின் ஓடுபாதையாக இருந்தது. 1950 ஏப்ரல் 1 அன்று என்.சி.சி. ஏர் விங் பிறந்தபோது பம்பாயில் ஒரு ஸ்குவாட்ரன், கல்கத்தாவில் ஒரு ஸ்குவாட்ரன். படகுக்காரர்களின் நேவல் விங் 1952-ல்தான் வந்தது. ஆக, உங்கள் பையன் பிரிவுதான் சீனியர். தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரனும் 1933-ல் அதே ஏப்ரல் 1-ல்தான் பிறந்தது.

கே: அதற்கு முன்னால் மாணவர்களுக்குத் துப்பாக்கியே கொடுக்கவில்லையா?

ப: வெள்ளைக்காரர்கள் கொடுத்தார்கள், தங்கள் தேவைக்கு. முதல் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும், 1917-ல் பல்கலைக்கழகப் படைப்பிரிவு தொடங்கினார்கள். கல்கத்தாவில் அதில் சேர்ந்து காக்கி போட்ட ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர் ஒருவரின் பெயர் சுபாஷ் சந்திர போஸ். வெள்ளைக்காரன் செலவில் டிரில் கற்றவர், பிற்பாடு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார்! மாணவர் படை பற்றி ஆராய 1946-ல் குன்ஸ்ரு குழு, 1948-ல் சட்டம், என்.சி.சி. வந்தாயிற்று.

கே: சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன் பைலட் ஆக முடியுமா?

ப: இந்திரலால் ராயைக் கேளுங்கள். 1898-ல் கல்கத்தாவில் பிறந்தவர். முதல் உலகப்போரில், பார்வை போதாது என்று பிரிட்டனின் ராயல் ஃப்ளையிங் கோர் முதலில் திருப்பி அனுப்பிவிட்டது. மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் மருத்துவரிடம் காட்டி, மறுபடி போய் நின்றார் என்பார்கள். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 விமான வெற்றிகள். அதே மாதம் 22-ம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டபோது வயது 19. பவானிபூரில் அவர் பெயரில் தெரு இருக்கிறது. அங்கே வண்டி நிறுத்த இடம் தேடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியுமோ!

கே: நிஜமாகவே விமானம் ஓட்டத் தருவார்களா, இல்லை பரேடு முடிந்து பூரி மட்டும்தானா?

ப: முதலில் பூரி. பிறகு பால்சா மரக்கட்டையைச் சீவி, ஒட்டி, மாடல் விமானம் செய்யச் சொல்வார்கள். இறக்கையைவிட விரல்களே நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதிர்ஷ்டமும் வானிலையும் கூடினால் இரண்டு பேர் உட்காரும் மைக்ரோலைட்டில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, சற்று நேரம் வானம்.

கே: மகளையும் அனுப்பலாமா?

ப: தாராளமாக. என்.சி.சி.யில் பெண்கள் பிரிவு 1949-லேயே வந்துவிட்டது. போர் விமானத்தில் பெண்களை உட்காரவைக்கத்தான் விமானப்படைக்கு 2016 வரை யோசனை ஓடியது.

கே: பையன் மறுக்கிறான். கட்டாயப்படுத்தலாமா? (ஓர் அப்பா, லேக் மார்க்கெட்)

ப: சர்க்காரே செய்து பார்த்தது, சார். சீனப் போருக்குப் பின் 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயம், 1968-ல் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். அவனாக வந்தால் ஒன்று சொல்லுங்கள்: ஏர் விங் 'சி' சான்றிதழ் இருந்தால், விமானப்படைக்கான எழுத்துத் தேர்வு இல்லாமலேயே நேர்முகத் தேர்வு வாரியத்துக்குப் போகலாம். அங்கே மாமாவின் சிபாரிசு செல்லாது.