தலை எண்ணிய தடபுடல்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒரு பத்திரிகை முதலாளியிடம் "எத்தனை பிரதி விற்கிறது?" என்று கேட்பது, கல்யாணத் தரகரிடம் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பது மாதிரி. வாய்க்கு வந்ததைச் சொல்வார். விளம்பரதாரரும் அதற்கேற்பப் பணம் கட்டுவார். 1869இல் ஜார்ஜ் ரோவெல் என்ற விளம்பர ஏஜென்ட், பத்திரிகைகளின் விற்பனையைத் தாமே மதிப்பிட்டு ஒரு டைரக்டரி போட்டார். முதலாளிகள் கொதித்தார்கள், கொதிக்காமல் என்ன செய்வார்கள்? 1914இல்தான் விற்பனைக் கணக்கைத் தணிக்கை செய்ய முறையான அமைப்பு வந்தது. அதுவும் பிரதியைத்தான் எண்ணியது. வாங்கியவர் படித்தாரா, மீன் மடித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

அப்புறம் ரேடியோ. காற்றில் போவதை எப்படி எண்ணுவது? 1930இல் சந்தை ஆய்வாளர் ஆர்ச்சிபால்ட் கிராஸ்லி டெலிபோன் போட்டு, "நேற்று என்ன கேட்டீர்கள்?" என்று விசாரிக்க ஏற்பாடு செய்தார். நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதே மறந்துபோன மக்களிடம்! போட்டிக்கு வந்த ஹூப்பர் கம்பெனி, நிகழ்ச்சி ஓடும்போதே போன் செய்தது. பாவம், மணி அடித்ததும் எழுந்து ஓடியவர் அந்த விளம்பரத்தைத் தவறவிட்டிருப்பார். டெலிபோன் இல்லாத ஏழைகளுக்குக் காதே இல்லை என்று இருவருமே முடிவுகட்டினார்கள்.

அடுத்து இந்தத் தொழிலுக்கு வந்த ஆர்தர் நீல்சன் மனிதர்களையே நம்பவில்லை. எம்.ஐ.டி. பேராசிரியர்கள் இருவர் செய்த 'ஆடிமீட்டர்' கருவியை 1936இல் வாங்கினார். ரேடியோவோடு பொருத்தினால், எந்த ஸ்டேஷன் எவ்வளவு நேரம் ஓடியது என்பதை அது பதிந்துகொள்ளும். 1942இல் இந்தக் கணக்கை விற்கும் வியாபாரம் தொடங்கியது. பிற்பாடு பதிவு பிலிம் சுருளுக்கு மாறியது. தபாலில் வரும் புதுச் சுருளைச் செருகினால், கருவியிலிருந்து இரண்டு கால் டாலர் காசு விழும்! வீட்டார் தோட்டத்தில் இருக்க, நாய் மட்டும் ரேடியோ முன் படுத்திருந்தாலும் விளம்பரம் கொடுத்த சோப்புக் கம்பெனிக்கு ஒரு குடும்பம் கிடைத்துவிடும்.

பிறகு டி.வி. வந்தது. 1950களில் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரக் குடிநீர் அதிகாரிகள் ஒன்றைக் கவனித்தார்கள்: டி.வி.யில் விளம்பரம் வரும் நேரத்தில் குழாய்களில் அழுத்தம் சரிந்தது. ஊரே கழிவறைக்குப் போயிருந்தது. இந்த வரலாற்றிலேயே நேர்மையான அளவீடு இதுதான் என்பேன்.

1963இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இந்தத் தலை எண்ணும் கம்பெனிகளைக் கூண்டில் ஏற்றிக் குடைந்தது. மறுவருடமே, எண்ணுகிறவர்களைத் தணிக்கை செய்ய ஒரு கவுன்சில் பிறந்தது. 1987இல் 'பீப்பிள்மீட்டர்' வந்தது, டி.வி. முன் உட்காருகிறவர் தனக்குரிய பட்டனை அழுத்த வேண்டும். நம் ஊர் டி.ஆர்.பி.யும் இதே பட்டன் கணக்குதான். அழுத்திவிட்டுக் குறட்டை விடுகிறவரும் அதில் பார்வையாளரே.