உள்ளேன் ஐயா!

பெறுநர்:
உயர்திரு மனிதவளத் துறை அவர்கள்,
மென்பொருள் நிறுவனங்கள் அனைத்தும்,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

பொருள்: பச்சைப் புள்ளியை வருகைப் பதிவேடாக நடத்துவதை மறுபரிசீலனை செய்ய வேண்டுதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை பெயர் வாசிப்பார். ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் வந்துவிட்டால், மணி அடிக்கும் வரை பிள்ளை உள்ளேதான் இருக்கிறான் என்று நம்பிவிடுவார். அந்த அப்பாவித்தனத்தை ஒழித்துக்கட்டியமைக்காகத் தங்களுக்கு முதலில் நன்றி. இப்போது அலுவலக அரட்டைச் செயலியான டீம்ஸில் ஒவ்வொருவர் படத்தின் ஓரத்திலும் ஒரு பச்சைப் புள்ளி, நாள் முழுக்க ‘உள்ளேன் ஐயா’ சொல்லிக்கொண்டே இருக்கிறது. கணினியை ஐந்து நிமிடம் தொடாவிட்டால் அதே புள்ளி மஞ்சளாகி, ‘அவே’ என்று போட்டுக்கொடுத்துவிடுகிறது.

இந்தப் புள்ளி எதை அளக்கிறது என்று தாங்கள் சற்று யோசிக்க வேண்டும். விசைப்பலகையிலும் மவுஸிலும் கை பட்டதா என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. நிரலில் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருப்பவர், வாடிக்கையாளரின் தடிமனான ஆவணத்தை அச்செடுத்துப் படிப்பவர், பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஆகிய மூவரும் மஞ்சள். கிரிக்கெட் ஸ்கோரை ஓயாமல் உருட்டிக்கொண்டிருப்பவர் பச்சை. தொழிலாளியிடம் ஒரே மூச்சில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் எழுதிவைத்தது. அந்த ஐந்து மணி நேரத்தை ஐந்து நிமிடமாகச் சுருக்கிய பெருமை நம் மென்பொருள் துறையைச் சேரும். டபராவில் ஊற்றிய காபியை ஆற்றிக் குடிக்கவே அதற்கு மேல் ஆகும்.

புள்ளியோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சக ஊழியர் ஒருவர் பெயரைக் குறித்துவைத்தால் அவர் வந்ததும் அறிவிப்பு வரும், போனதும் வரும்; டீம்ஸின் அமைப்புகள் பக்கத்தில் அதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தன்னை யார் குறித்துவைத்திருக்கிறார் என்பது குறிக்கப்பட்டவருக்குத் தெரிவதில்லை. திண்ணையில் அமர்ந்து தெருவில் போவோர் வருவோரைக் கணக்கெடுக்கும் பெரியவர்கூட நம் கண்ணில் படும்படிதான் அமர்ந்திருப்பார், ‘எங்கடா இந்நேரத்துல?’ என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். இத்தனைக்கும் ஆள் இருப்பதைக் காட்டும் இந்த ஏற்பாடு நல்ல நோக்கத்தில் பிறந்ததுதான். 1996இல் வந்த ஐசிக்யூ என்ற அரட்டை மென்பொருள், நண்பர் இணையத்தில் இருக்கிறாரா என்று காட்டியது. இல்லாதவரைக் கூப்பிட்டு ஏமாற வேண்டியதில்லை. யாகூ மெசஞ்சரில் யார் கண்ணிலும் படாமல் உள்ளே இருக்க ‘இன்விசிபிள்’ என்ற வசதியே இருந்தது. டீம்ஸிலும் ஆஃப்லைனில் இருப்பதுபோல் காட்டிக்கொள்ளலாம். ஆனால் வேலை நேரத்தில் அதை அழுத்துவது, சுவர் ஏறிக் குதித்த குற்றத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

கண்காணிப்பு போகும் இடமெல்லாம் பாவனையும் பின்னாலேயே போகும். கல்லூரியில் ப்ராக்ஸி கொடுத்துத் தேறிய தலைமுறைக்கு இது புதிதா? மவுஸைத் தானாகவே அசைத்துக்கொண்டிருக்கும் ‘ஜிக்லர்’ கருவிகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோல் போலித் தோற்றம் உண்டாக்கியதாகச் சொல்லி, ஒரு டஜனுக்கும் மேற்பட்டோரை வேலையைவிட்டு அனுப்பியது. போலி போலிதான், அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அசைவுக்கு மதிப்பெண் போடும் இடத்தில், வேலையைக் காட்டிலும் அசைவு மலிவாகத் தயாராகிவிடும் என்பதைத் தாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

தங்கள் தரப்புக் கேள்விகளும் தெரியும். ‘வீட்டிலிருந்து வேலை செய்பவர் இருக்கிறாரா இல்லையா என்று எப்படி அறிவது?’ நியாயமான கேள்வி. ஒப்படைத்த வேலை சொன்ன நாளில் வந்ததா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ‘அமெரிக்க வாடிக்கையாளர் விழித்திருக்கும் நேரத்தில் ஆள் கிடைக்க வேண்டாமா?’ வேண்டும்தான். அதற்கு ஷிஃப்ட் அட்டவணை இருக்கிறது, அவசரத்துக்குத் தொலைபேசி இருக்கிறது. நள்ளிரவில் சர்வர் விழுந்தால் யாரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ‘மறைக்க ஒன்றுமில்லை என்றால் பயம் எதற்கு?’ என்பது மூன்றாவது. அப்படியானால் மேலாளர்களின் புள்ளி நிறம் மாறிய நேரங்களையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமே? டீம்ஸைச் செய்த மைக்ரோசாஃப்ட் 2020இல் ‘ப்ரொடக்டிவிட்டி ஸ்கோர்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஊழியர்கள் அலுவல் மென்பொருளை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பெயரோடு நிறுவனத்துக்குக் காட்டியது அது. எதிர்ப்பு கிளம்பியதும் பெயர்களை எடுத்துவிட்டார்கள். செய்தவருக்கே வந்த கூச்சம், வாங்கியவருக்கும் கொஞ்சம் வரலாம்.

ஆகவே வேண்டுவது இவ்வளவே. சந்தேகம் கேட்கக் காத்திருப்பவருக்கு, ஆள் வந்ததும் அறிவிப்பு வரட்டும். கேட்டு முடிந்ததும் அவர் அந்தக் குறியை எடுத்துவிடட்டும். குறித்துவைத்திருப்பது குறிக்கப்பட்டவருக்கும் தெரியட்டும். ஊதிய உயர்வுப் பேச்சில் புள்ளியின் நிறம் சாட்சிக் கூண்டு ஏற வேண்டாம். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். நின்றவர்களுக்கு உட்கார உரிமை கிடைக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. உட்கார்ந்தே இருப்பவர்கள் கொஞ்சம் எழுந்து போய்வர, தங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மஞ்சள் புள்ளி